அரையங்குல ஏரி

கெவானி, விஸ்கான்சின்
பிப்ரவரி 11, 1984

அன்புள்ள ரெய்னோ,

கப்பல் முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நம் லாரிக்கார எர்ல் உன் ஊர்ப் பக்கம் செர்ரிக் கிடங்குக்கு லாரி எடுத்துக்கொண்டு வருகிறான். அவனிடம் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். நிஜக் கப்பல் ஓடிய காலத்தில் காலையில் ஏறினால் மத்தியானக் காபிக்கு ஏரியைத் தாண்டி உன் வீட்டில் இருப்பேன். அதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தக் கப்பலின் மாதிரியே சிகாகோவைச் சுற்றி லாரியில் வரவேண்டியிருக்கிறது. சிரிப்பதானால் சிரித்துக்கொள்.

நீ எழுதியனுப்பிய அளவுகளின்படிதான் கட்டியிருக்கிறேன். துறையின் நீளம், அகலம், கரையிலிருந்து கப்பலுக்குள் ரயில்பெட்டிகள் உருண்டு போகும் ஏற்றுபாலத்தின் உயரம் எல்லாம் உன் தாளில் இருந்தன. மற்றவற்றை நானே பார்த்துக்கொண்டேன். உன் ரயில்களின் அளவேதான்: எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆகவே நாலடி நீளம் வந்துவிட்டது. கடையில் வாங்கி ஒட்டியது எதுவும் கிடையாது. நங்கூரச் சங்கிலி மட்டும் என் பழைய கழுத்துச் சங்கிலி.

புகைபோக்கியைப் பிடித்துத் தூக்காதே. வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கு. உனக்குப் பொறுமை இருக்காது, டோரீனைத் தூக்கச் சொல்.

வீட்டுக் கீழ்த்தளத்தில் நீ கட்டிக்கொண்டிருக்கும் மாதிரி ரயிலூரை நான் இன்னும் பார்க்கவில்லை. துறையில் கப்பலை வைத்ததும் எழுது. அதைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம். முதலில் நீயே பார்.

ஐலி


எல்பர்ட்டா, மிச்சிகன்
மார்ச் 3, 1984

அன்புள்ள அக்கா,

என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எர்ல் பெட்டியைத் திறந்ததும் டோரீன் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "இதைக் கீழ கொண்டுபோகாதீங்க, ஹால்லயே வைங்க. உங்க அக்கா ரெண்டு வருஷம் உட்கார்ந்து செஞ்சதை அந்த எலிப்பொந்துலயா வைப்பீங்க?" என்றாள். எலிப்பொந்து என்பது என் பன்னிரண்டு வருஷ உழைப்பு. பரவாயில்லை, அவள் இரும்புக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டவள், இப்படித்தான் பேசுவாள்.

கப்பலுக்குள் நாலு தண்டவாளமும் அச்சு அசல். என் பெட்டிகள் தடையில்லாமல் உருண்டு உள்ளே போகின்றன. மேல்தளத்து உயிர்காப்புப் படகுகளின் தார்ப்பாயில் நீ போட்டிருக்கும் தையலை என் தச்சு நண்பன் வெர்லின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். "உங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டான். விதவை என்றேன். அவன் முகம் மலர்ந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னொரு நல்ல செய்தி. மே மாதம் டிராவர்ஸ் சிட்டியில் மாதிரி ரயில்காரர்களின் வட்டார மாநாடு. ஒரு பஸ் நிறைய ஆட்களை நாலு வீடுகளுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். சிறந்ததற்கு ஒரு பித்தளைத் தகடு உண்டு. இத்தனை வருஷம் விண்ணப்பம் போட்டும் கிடைக்காத இடம் இந்த முறை எனக்குக் கிடைத்திருக்கிறது. உன் கப்பல் வருகிறது என்று எழுதியதால்தான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். கப்பலுக்கு அடியில் வயிறு வைத்திருந்தாய். மேஜை மேல் வைத்தால் அடைகாக்கும் கோழி மாதிரி உயரத்தில் உட்கார்ந்தது. ஏற்றுபாலம் தரையோடு இருக்கிறது, கப்பல் வானத்தில் நிற்கிறது. ஆகவே வெர்லினின் தச்சுப் பட்டறையில் அவனுடைய பெரிய ரம்ப மிஷினில் கொடுத்து, நீர்மட்டத்தில் நீ போட்டிருந்த சிவப்புக் கோட்டோடு நேராக அறுத்துவிட்டோம். கோடு போட்டு வைத்தது ரொம்ப வசதியாகப் போயிற்று. இப்போது தண்ணீரில் மிதப்பது போலவே இருக்கிறது. புகைப்படம் வைத்திருக்கிறேன், பார்.

ஏதோ சொல்ல வேண்டும் என்றாயே, என்ன அது?

உன் தம்பி
ரெய்னோ


கெவானி
மார்ச் 9

ரெய்னோ,

அடிப்பாகம் எங்கே?

ஐலி

பி.கு. படத்தில் ஏழு பெட்டிகளையும் இடது ஓரத் தண்டவாளத்திலேயே ஏற்றி நிறுத்தியிருக்கிறாய். நிஜத்தில் அப்படி ஏற்றியிருந்தால் துறையிலேயே கவிழ்ந்திருக்கும்.


எல்பர்ட்டா
மார்ச் 17, 1984

அன்புள்ள அக்கா,

இரண்டு வார்த்தைக்கு ஒரு தபால்தலையா? பெட்டிகளைப் பற்றி மட்டும் பின்குறிப்பு எழுத முடிந்ததே, மாநாட்டுக்கு ஒரு வாழ்த்து எழுத முடியவில்லையா?

நான் அனுப்பிய தாளில் ஆழம் இல்லை என்று உனக்குக் கோபம் என்று டோரீன் சொல்கிறாள். மாதிரி ரயில் கட்டுகிறவன் எவனையும் கேட்டுப் பார். எங்களுக்கு எல்லா அளவும் தண்டவாளத்தின் மேல்விளிம்பிலிருந்துதான். அங்கிருந்து மேலே எவ்வளவு, பக்கத்தில் எவ்வளவு, அவ்வளவுதான் கணக்கு. ஏரிக்கு ஆழம் எழுத வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றாது. என் ஏரி அரையங்குலப் பிளைவுட். அதன்மேல் பச்சையும் சாம்பலும் கலந்த பெயின்ட், அதன்மேல் தண்ணீர் மாதிரி உறைகிற பிசின். நீங்கள் கப்பல்காரர்கள் அடிக்கட்டையிலிருந்து அளக்கிறீர்கள். அதை நீயாவது சொல்லியிருக்கலாம். தண்ணீருக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எவனும் வயிறு வைக்கமாட்டான்.

அறுத்த கட்டையை வெர்லினின் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மேலே ஒரு பலகை போட்டு மூடியிருந்தது, உள்ளே என்னவோ கலகலவென்று ஆடியது. ஆணி ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன். அவன் பட்டறையில் துண்டு மரமெல்லாம் அடுப்புக்குத்தான் போகும். போய்ப் பார்க்கிறேன். கடையில் வசந்தகாலச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, உடனே முடியாது.

கப்பல் கவிழும் என்கிறாய். பிளைவுட் ஏரியில் எதுவும் கவிழாது.

ரெய்னோ


கெவானி
ஏப்ரல் 2, 1984

ரெய்னோ,

உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதில் திட்டு கொஞ்சம் குறைவு.

என் வால்ட் அந்த நிஜக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலையில் இருந்தார் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் நீ ஒன்றும் கேட்டதில்லை. அவரை அடக்கம் செய்த அன்றும், சாப்பாட்டு மேஜையில், பாதிரியாரிடம் ரயில்பெட்டிக் கொக்கிகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாய். பாவம், அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கரையில் நிற்பவர்களுக்குக் கேப்டனைத் தெரியும். உன்னைப் போன்றவர்களுக்குப் பெட்டிகளைத் தெரியும். வால்ட் வேலை பார்த்த இடம் முழுவதும் நீ அறுத்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது. சம்பளம் வாங்கிய காலமெல்லாம் ஏரியைக் கடந்துகொண்டே இருந்தவர், ஏரியைப் பார்த்தது லீவு நாளில் என்னோடு கரையில் நடக்கும்போதுதான். அவருக்கு வேலை நேரத்தில் தெரிந்ததெல்லாம் சத்தம். தலைக்கு மேலே பெட்டிகள் ஏறும் சத்தத்தை வைத்தே எந்தத் தண்டவாளத்தில் எத்தனை ஏறுகிறது என்று சொல்லிவிடுவார். ஏற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. அது தப்பினால் கப்பல் சாய்வதற்கு முன்னாலேயே அவர் பாதத்துக்குத் தெரிந்துவிடும். "மேல எவனோ புதுப் பய நிக்கறான்" என்று கத்துவாராம். சாப்பிடும்போது நான் தட்டை நகர்த்தி வைத்தால்கூட அதையே சொல்வார்.

அவர் போன பிறகு எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ கப்பல் கேட்டாய். நான் அவருடைய எஞ்சின் அறையைக் கட்டி, அதன்மேல் உனக்கு வேண்டிய கப்பலைக் கட்டினேன். அடிப்பாகத்தின் வலப்பக்கத்தில் ஒரு பலகை நகத்தால் நெம்பினால் கழன்றுவரும். நீ கண்டுபிடிப்பாய், கண்டுபிடித்து எழுதுவாய் என்று காத்திருந்தேன். உள்ளே வால்ட் நிற்கிறார். கலகலவென்று ஆடியது ஆணியில்லை.

கப்பலை நீயே வைத்துக்கொள். உன் பஸ் ஆட்களுக்குக் காட்டு. அடிப்பாகம் இருந்தால் எர்லிடம் கொடுத்தனுப்பு. எரிந்துபோயிருந்தால் அதையும் எழுது. பொய் எழுதாதே. நீ பொய் எழுதினால் உன் எழுத்து வலப்பக்கம் சரியும், சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன்.

இன்னொன்று கட்டித்தா என்று மட்டும் கேட்காதே. என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறேன்.

ஐலி


எல்பர்ட்டா
ஏப்ரல் 8, 1984

அன்புள்ள அக்கா,

எரியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வெர்லினிடம் ஓடினேன். "அந்தக் கட்டை எங்கடா?" என்றேன். "எந்தக் கட்டை?" என்றான். "கப்பலோட அடி!" "ஓ, அதுவா? ஜன்னல் நிக்கமாட்டேங்குதுன்னு முட்டுக் குடுத்திருக்கேன். நல்ல கட்டைப்பா, வளைஞ்சு கொடுக்கவே இல்ல" என்றான். பின்பக்க ஜன்னலைத் தாங்கிக்கொண்டு குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் மழைச் சாரல் பட்டிருக்கிறது. பெயின்ட் ஓரிடத்தில் உரிந்திருக்கிறது, வேறு சேதம் இல்லை.

அவன் பட்டறையிலேயே வலப்பக்கப் பலகையை நெம்பித் திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு எஞ்சின். நடுவில் இரும்பு ஏணி. சுவரில் கொக்கி, கொக்கியில் அழுக்குத் துணி. கீழே அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு எண்ணெய்க் குப்பி, அதற்கு மூக்கும் இருந்தது. அத்தான் தொப்பியைப் பின்னால் திருப்பிப் போட்டுக்கொண்டு குப்புற விழுந்து கிடந்தார். ரம்பம் அதிர்ந்ததில் காலடியில் பசை விட்டிருக்கிறது.

வெர்லின் டார்ச்சை வாங்கி மறுபடி உள்ளே பார்த்தான். பிறகு, "நாம இதையா அறுத்தோம்?" என்றான். மிஷினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். உனக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. கப்பலை அறுத்ததற்கு மட்டுமில்லை. தண்ணீருக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று உனக்கே எழுதினேனே, அதற்கு.

அத்தானை நான் தொடவில்லை. விழுந்தபடியே பஞ்சு வைத்து மூடியிருக்கிறேன். எந்தப் பக்கம் பார்த்து நிற்பார், எந்த எஞ்சின் பக்கத்தில்?

ரெய்னோ


கெவானி
ஏப்ரல் 14

ரெய்னோ,

இருக்கிறது என்று படித்ததும் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன்.

இடப்பக்க எஞ்சினுக்கும் ஏணிக்கும் நடுவில் நிற்பார். முகம் மேலே பார்த்திருக்கும். அதைத்தான் செதுக்கியிருக்கிறேன், நீ குப்புறப் பார்த்ததால் தெரிந்திருக்காது. ஆனால் நீ ஒட்டாதே. உன் பசைக் கையை நான் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் எர்ல் அங்கே வருவான். பெட்டியில் வைத்து அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெர்லினிடம் சொல், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டதில் தப்பில்லை. ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்ததுதான் தப்பு.

ஐலி


எல்பர்ட்டா
மே 21, 1984

அன்புள்ள அக்கா,

எர்ல் வெறுங்கையோடு வந்ததற்கு நீ என்னைத் திட்டியிருப்பாய். போனில் டோரீனிடம் என்ன சொன்னாய் என்று அவள் முழுவதும் சொல்ல மறுக்கிறாள். இதைப் படித்த பிறகும் அனுப்பச் சொன்னால் நானே லாரி பிடித்துக் கொண்டுவந்து தருகிறேன்.

ஏரியில் ஓட்டை போட்டுவிட்டேன்.

உன் கப்பலின் இடுப்பளவுக்கு, அதே வளைவில். சொல்வதற்குச் சுலபம். பிசினில் ரம்பம் வைத்ததும் கண்ணாடி மாதிரி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விரிசல் விட்டது. மேஜையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சரியாகத் துறைக்கு அடியில் ஓடியது. அதை எடுப்பதற்கு முன்னால் இரண்டு தண்டவாளங்களையும் துறை ஓரத்து மீன் கிடங்கையும் கழற்ற வேண்டியதாயிற்று. மீன் கிடங்கு முழுதாக வரவில்லை. டோரீன் படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, "பஸ் வர்றது அடுத்த வாரம்தானே? இப்பவே ஏன்?" என்றாள். மாநாட்டுக்குப் பிறகு என்றால் நான் செய்யமாட்டேன் என்று எனக்கே தெரியும் அக்கா. தகடு கையில் வந்துவிட்டால் அப்புறம் எவன் ஏரியை உடைப்பான்?

பஸ் வந்தது. முப்பது பேர் வரிசையாக இறங்கி வந்து என் துறையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெரிய பொத்தல், சுற்றிலும் மரத்தூள். மாநாட்டுத் தலைவர், "என்ன சார், ஏரி வத்திப்போச்சா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வெர்லின், "இல்லீங்க, ஆழப்படுத்தறோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தகடு மலை ரயில் வைத்திருந்த ஒரு பல் டாக்டருக்குப் போனது. வருத்தமில்லை என்று எழுதினால் என் எழுத்து சரியும். வருத்தம்தான்.

இப்போது வேலை முடிந்துவிட்டது. இரண்டு பாகத்தையும் சேர்த்துவிட்டேன். ரம்பம் தின்ற அளவுக்கு ஒரு மெல்லிய பட்டை கொடுத்தேன், அதனால் உன் சிவப்புக் கோடு இப்போது கொஞ்சம் தடித்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கப்பல் தண்ணீரில் நிற்கிறது. மேஜைக்குக் கீழே குனிந்தால் வயிறு முழுவதும் தெரியும். எஞ்சின் அறைக்குள் கடுகளவு பல்பு இரண்டு போட்டிருக்கிறேன். உனக்கு மின்கம்பி வேலை வராது, எனக்கு வரும். ஆனால் அறைக்குள் பார்க்க வேண்டுமென்றால் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

அத்தானை ஒட்டவில்லை. பஞ்சிலேயே இருக்கிறார். நீ வந்து நிறுத்து. கை நடுங்கினால் நான் பிடித்துக்கொள்கிறேன். உன் முழங்கால் வலிக்கு டோரீன் மெத்தை போட்டு வைப்பதாகச் சொல்கிறாள்.

ரெய்னோ


கெவானி
ஜூன் 19, 1984

அன்புள்ள ரெய்னோ,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். எர்ல் வழியெல்லாம் பாடினான், அதைத் தவிர வேறு கஷ்டம் இல்லை. டோரீன் கட்டிக்கொடுத்த ஏலக்காய் ரொட்டி சிகாகோ வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வெர்லின் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றுவதை நிறுத்தச் சொல். மனிதனுக்குச் சளி பிடிக்கும்.

உன் ரயிலூர் நன்றாக இருக்கிறது. எலிப்பொந்துதான், ஆனால் நன்றாக இருக்கிறது. பிசினில் அந்த விரிசலை மறைக்க நீ பட்ட பாடு தெரிகிறது. மறைக்காதே. ஏப்ரல் மாதத்துப் பனி உடைவது மாதிரி இருக்கிறது, அப்படியே விட்டுவிடு. சுக்கான் அரை நூல் இடதுபக்கம் திரும்பியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனது வரவில்லை.

நேரில் இருந்தபோது ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வால்ட்டை நிறுத்தியானதும் நீ எழுந்து மேஜையருகே போனாய். நான் மெத்தையில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பல்பு நல்ல வெளிச்சம். அவர் முகம் மேலே பார்த்திருந்தது. நான் வைத்த முகம்தான், ஆனாலும் எதைப் பார்க்கிறார் என்று அதுவரை எனக்கே தெளிவாகத் தெரியாது. அப்போது நீ மேலே ரயிலை ஓட்டினாய். ஏற்றுபாலத்தைத் தாண்டிப் பெட்டிகள் என் தலைக்கு மேலே ஏறின. மரத்தில் கடகடவென்று அந்தச் சத்தம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். காதால் கேட்டது அன்றுதான்.

முதலில் இடது ஓரத்தில் பாதி. நிறுத்தினாய். பிறகு வலது ஓரம் முழுவதும். மறுபடி இடதில் மிச்சப் பாதி. கடைசியில் நடுவில் இருக்கிற இரண்டும்.

வால்ட் சொல்லும் அந்த வரிசையை நான் உனக்கு எழுதவே இல்லை. எங்கே தெரிந்துகொண்டான் என்று டோரீனைக் கேட்டேன். "ரயில் யார்டுல வேலை பார்த்த பழைய ஆளுங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டாரு. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கிட்ட சரிபார்த்தாரு. பில் வந்தா தெரியும்" என்றாள். "பிளைவுட் ஏரியில கப்பல் சாயாதே, எதுக்கு இந்த வரிசைன்னு கேட்டேன். கீழ ஆள் இருக்காருன்னாரு."

மேஜைக்கு அடியில் கிடந்து அழுதேன் ரெய்னோ. அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. டோரீன் நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

அடிப்பாகத்தை அனுப்ப வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்.

வால்ட் என்ன சொல்லியிருப்பார் என்று நீ கேட்பாய். ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். மேலே ஒழுங்காக ஏற்றுகிற நாளில் அவர் பேசாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் அக்கா
ஐலி